நயினார் கடித்த மிளகு

நாற்பது மணி நேரமாக நயினார் கஞ்சியைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. நாக்கு நுனியில் புண். ஆரியசாலைக் கடைத்தெருவில் நல்லமிளகுக்குத் தரம் சொல்லும் நாக்கு அது. அவர் கடித்துச் சொன்ன பிறகு வேறு யாரும் கடித்துப் பார்ப்பதில்லை. அந்தத் தெருவின் வழக்கம் அப்படி. "கடைத்தெருவுல ஒருத்தருக்கும் தெரியண்டாம், மக்களே" என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தார்.

மகள் திவ்யலட்சுமி வேதியியல் படித்தவள். அன்று காலை லிக்னோகெய்ன் ஜெல் வாங்கிவந்து, கடையின் உள்ளறையில் வைத்து அவர் நாக்கில் தடவிவிட்டாள். பல் பிடுங்குமுன் ஊசியில் ஏற்றுவதும் இதைத்தான் என்றாள். சுவீடனில் ஒருவர் வேறெதையோ ஆராயப்போய், தான் செய்த பொருளை நாக்கில் வைத்துப் பார்த்தாராம்; நாக்கு மரத்துப்போனதாம். அந்த வழியில் தேடிப் போனவர்களுக்குப் பிறகு கிடைத்த மருந்து இது.

"அப்பம் அவனுக்கும் நம்ம தொழில்தான்" என்று நயினார் சிரித்தார். எரிச்சல் அடங்கியிருந்தது.

கொஞ்ச நேரத்துக்கு எதையும் ருசி பார்க்கக் கூடாது என்பதைக் கதை சொன்ன உற்சாகத்தில் அவள் சொல்ல மறந்தாள்.

கால் மணி நேரத்தில் மலையோர வித்துராவிலிருந்து மிளகு விற்க ஜிஷா வந்து இறங்கினாள். அவள் நட்ட மிளகுக் கொடிகளின் முதல் காய்ப்பு, ஆட்டோவில் இரண்டு மூட்டை. புண் ஆறிவிட்டது என்ற நினைப்பில் நயினார் ஒரு மிளகைக் கடித்தார். இன்னொன்றையும் கடித்தார்.

"காரமே இல்லியே, பிள்ளே."

எதிர்க்கடை சுனில் எட்டிப் பார்த்தான். "பப்பாளி விதையக் கலந்தா எங்கவே காரம் இருக்கும்?"

சுமை இறக்க வந்தவர்கள் சிரித்தார்கள். ஜிஷா சிரிக்கவில்லை. "நானே பறிச்சு வெயில்ல உணக்கினதாக்கும், அண்ணாச்சி" என்றாள். நயினார் வேண்டாம் என்று தலையாட்டினார்.

உள்ளறைக் கதவோரம் திவ்யலட்சுமிக்கு முகம் காந்தியது. வாயைத் திறந்தால் அப்பாவின் நாக்கு கெட்டது தெருவுக்கே தெரிந்துவிடும். இரவில் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் ஜிஷாவைப் பற்றிய பேச்சு வித்துரா வரை போயிருக்கும். ஜிஷா குனிந்து மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்கள் நிற்கும்போது திவ்யலட்சுமி கடையின் முன்பக்கம் வந்ததே இல்லை. இப்போது வந்தாள். ஜெல் குழாய் அவள் கையிலேயே இருந்தது. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மொளகுல குத்தம் இல்லப்பா. ஒங்க நாக்குப் புண்ணுக்கு நான் மரத்துப்போற மருந்து தடவியிருக்கேன். இப்பம் ஒங்களுக்கு எந்தக் காரமும் தெரியாது."