ஹிக்கி கடை இருந்த இடம்

கனடாவின் கிழக்குக் கரையில், செயின்ட் ஜான்ஸ் ஊரில் முப்பது வருடம் டாக்சி ஓட்டினேன். ஒரு வீட்டு எண்ணும் எனக்குத் தெரியாது. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

நூலகத்தில் வேலை பார்க்கும் இங்ரிட்டைச் சாப்பிட அழைத்தேன். கணவனை இழந்தவள். கல்கரியிலிருந்து வந்து நான்கு மாதம் ஆகிறது. ஜெரால்டின் என்னை விவாகரத்து செய்து பதினான்கு வருடம். அதற்குப் பிறகு நான் வீட்டுக்கு அழைத்த முதல் பெண் இங்ரிட்தான். எனக்கு அறுபத்தெட்டு வயது. சொதப்பினால் இன்னொரு முறை கிடையாது.

போனில் வழி சொன்னேன்.

"பசிலிக்கா சர்ச்சிலேருந்து கீழ இறங்குங்க. ஹிக்கி மீன் கடை இருந்த இடத்துல இடது பக்கம். எரிஞ்சுபோன தியேட்டரைத் தாண்டிட்டா யாரைக் கேட்டாலும் ஆம்ப்ரோஸ் வீட்டைக் காட்டுவாங்க."

"மீன் கடை இப்ப இல்லையா?"

"இடிச்சு இருபது வருஷம் ஆச்சு."

"அப்ப நான் எதைப் பார்த்துத் திரும்பறது?"

"அது இருந்த இடத்தைப் பார்த்துத்தான்."

"சரி," என்று போனை வைத்துவிட்டாள். நான் அசத்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீனை முந்தின நாளே ஊறவைத்திருந்தேன். ஏழு மணிக்கு வர வேண்டியவள். ஏழே முக்காலுக்கு போன் அடித்தது. ஜெரால்டின்.

"உன் விருந்தாளி இங்க இருக்கா."

"எங்க?"

"லாங்ஸ் ஹில்ல, என் வீட்டுல. ஆம்ப்ரோஸ் வீடு எதுன்னு மூணு பேரைக் கேட்டிருக்கா. மூணு பேரும் இங்கதான் கைகாட்டியிருக்காங்க."

"நான் அங்கேருந்து கிளம்பி பதினாலு வருஷம் ஆச்சே!"

"அது அவங்களுக்கும் தெரியும்டா. நீ முன்னாடி இருந்த வீடுன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. பாவம், பசியோட வந்தா. சோறு போட்டுட்டேன்."

மீன் பானையைத் தூக்கிக்கொண்டு மூடுபனியில் மேடு ஏறினேன். இருவரும் சமையலறையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் காலி. நான் குறட்டை விடுவது வரைக்கும் பேச்சு வந்திருந்தது.

"ரொம்ப நல்ல வீடு, ஆம்ப்ரோஸ்," என்றாள் இங்ரிட். "வியாழக்கிழமை என் வீட்டுக்கு வாங்க." வீட்டு எண்ணோடு முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ஊர் ஓரத்தில் புதிதாகக் கட்டிய கென்மவுண்ட் டெரஸ்.

ஜெரால்டின் தாளை எட்டிப் பார்த்தாள். "போச்சு," என்றாள்.

வியாழக்கிழமை போனபோதுதான் புரிந்தது. வரிசை வரிசையாகச் சாம்பல் நிற வீடுகள். அங்கே எதையும் இடித்ததில்லை, எதுவும் எரிந்ததில்லை. நாயோடு நடந்து போனவர் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"சதுப்பு நிலம், ஐயா."

சுற்றினேன். திரும்பவும் அதே தெருவுக்கே வந்தேன். மறுபடி சுற்றினேன். கடைசியில் ஒரு பெண் நடுத்தெருவில் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். இங்ரிட். கையில் அடுப்பங்கரைத் துணி.

"அஞ்சாவது சுத்து. ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு கையாட்டறேன். கோழி காஞ்சு போச்சு. இறங்கறீங்களா, ஜெரால்டினுக்குப் போன் போடட்டுமா?"

இறங்கினேன்.