வெள்ளிக்கிழமைச் சொம்பு

முத்துசெல்வத்தின் ஃபோனில் தாராவி முழுவதும் சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தது. சிவப்பு என்றால் டெங்கு கொசு குடியேற வசதியான இடம். பச்சை என்றால் பயமில்லை. கல்லி கல்லியாக, ஒரு சந்து விடாமல் நடந்து தேங்கிய தண்ணீரைக் குறிப்பது அவன் வேலை. மழை, வெயில், தகரக் கூரையின் நிழல் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து ஆபீஸ் கம்ப்யூட்டர் நிறம் பூசும். அவனுடைய கல்லி பச்சை. வாராவாரம் வெள்ளிக்கிழமை தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துக் கழுவச் சொல்லி வீடு வீடாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவன் அவன்தான், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தப் பச்சைக்குள்தான் அவன் மனைவி தங்கமயில், ஆறு மாத வயிற்றோடு, மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

ரத்தம் எடுத்த லேபில் காலையில் ஃபோன் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ போட்டான், குடிக்க மறந்தான். வெளியே போனான், உள்ளே வந்தான். எங்கிருந்து வந்தது இந்தச் சனியன்? பகலில் கடிக்கிற கொசு, அதிக தூரம் பறக்காத கொசு. பக்கத்தில்தான் எங்கேயோ பிறந்திருக்க வேண்டும். பொறுக்க முடியாமல் எதிரே இருந்த பை தைக்கும் பட்டறைக்குள் நுழைந்து, கூரை ஒழுகலுக்கு வைத்திருந்த பக்கெட்டுகளில் டார்ச் அடித்தான். பட்டறைக்காரர் கரீம் பாட்சா பல் விளக்கிக்கொண்டே வந்தார்.

"என்ன மருமவனே, நேத்துதான பாத்துட்டுப் போன?"

"உங்க பக்கெட்டுலதான் மாமா இருக்கும். வேற எங்க இருக்கும்? எல்லாத்தையும் கொட்டுங்க."

அவர் கோபப்படவில்லை. "கொட்டிருதேன்டே. தங்கமயிலுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அந்தக் கேள்வி அவனை என்னவோ செய்தது. எந்தப் பக்கெட்டிலும் கொசுப்புழு எதுவும் நெளியவில்லை. ஆனாலும் ஃபோனில் பட்டறையின் மேல் ஒரு சிவப்புப் புள்ளியை அழுத்தி வைத்துவிட்டுத்தான் வந்தான். யார் மேலாவது வைக்க வேண்டியிருந்தது.

வீட்டில் தங்கமயில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். அவன் நீல டிரம்மைச் சாய்க்கும் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினாள்.

"ஏங்க, இன்னைக்கு வெள்ளிக்கிழமல்லா. அப்படியே கவுத்தப் போறியளா? மொதல்ல ஒரு சொம்பு மோந்து வச்சிருங்க. கழுவுனப்பொறவு அதயே ஊத்தணும். வீட்டுல தண்ணி ஒரேயடியா வத்தக் கூடாது."

"தெரியும்ளா. நீ படு."

தெரியும்தான். அவன் அம்மாவும் அப்படித்தான் செய்தாள். பாலுக்கு உறை ஊற்றுவது போல, பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவைத்துப் புதுத் தண்ணீருக்கு விடுவது. அவன் கவிழ்ப்பதற்கு முன்பே தங்கமயில் மொண்டு வைத்துவிடுவாள். அது வேலையாகவே அவன் கண்ணில் பட்டதில்லை. இன்றுதான் முதல் முறையாகச் சொம்பு அவன் கைக்கு வந்தது.

டிரம்முக்குள் இருட்டு. மொண்டு எடுத்து, வாசல் வெளிச்சத்துக்கு வந்தான். எவர்சில்வர் சொம்பின் பளபளத்த அடியில் நூல் துணுக்குகள் போல நாலைந்து கிடந்தன. சொம்பை லேசாக ஆட்டியதும் அவை உடம்பை வளைத்து வளைத்து மேலே ஏறின.

கொசுப்புழு. அலமாரியில் ஃபோன் அடித்தது.

"லேபாத்தான் இருக்கும். எடுங்களேன்" என்றாள் தங்கமயில்.

சொம்பைக் கீழே வைக்கவும் தோன்றாமல், கொட்டவும் தோன்றாமல் நின்றான். எதிரே கரீம் பாட்சா கடைசிப் பக்கெட்டையும் கவிழ்த்துக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வரும் நேரம். கல்லியெங்கும் டிரம்களைத் தேய்த்துக் கழுவும் சத்தம். அவன் சொல்லிக்கொடுத்தபடியே கழுவினார்கள். வாசலுக்கு வாசல், கவிழ்த்த டிரம்முக்குப் பக்கத்தில், ஒரு சொம்பு பழைய தண்ணீர் தட்டுப் போட்டு மூடிப் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது.