ஆஸ்னேயின் பழுப்புக் கோட்டு

ஐடர் வாத்துக்கு இருக்கிற திமிர் எந்த மனிதருக்கும் வராது. வருடம் முழுக்கக் கடலில் கிடக்கும், யாரையும் அண்டவிடாது. மே மாதம் வந்தால் மட்டும் எங்கள் தீவில் தத்தித் தத்தி ஏறி, நாங்கள் கட்டிவைத்த குட்டி வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கும். கடற்பாசி மெத்தை நன்றாகக் காய்ந்திருந்தால்தான் உட்காரும். தன் நெஞ்சிலிருக்கிற மெல்லிய தூவி இறகைத் தானே பிடுங்கி முட்டைகளைப் போர்த்தும். குஞ்சுகளோடு கடலுக்குப் போகும்போது அந்தத் தூவியை நமக்கு விட்டுவிட்டுப் போகும். காட்டுப் பறவை மனிதனை நம்பி வருகிற இந்த அதிசயத்தை நான் ஆயுசு முழுக்கப் பார்த்தும் கண்டுகொண்டதில்லை. எனக்கு மீனும் வலையுமே போதும் என்றிருந்தேன். வாத்துகளைப் பார்த்துக்கொண்டவள் என் மனைவி ஆஸ்னே.

பனிக்காலத்தில் அவள் கண்ணை மூடிவிட்டாள். தீவில் மிச்சம் நான் ஒருவன்தான்.

மகள் ரக்னில் அக்கரையிலிருந்து போன் செய்துகொண்டே இருந்தாள்.

"தனியா அங்க என்னப்பா பண்றீங்க? இங்க வந்துடுங்க."

"வாத்து வருமே, யாரு பாக்குறது?"

"அதுங்க அம்மாவுக்காக வந்துச்சுப்பா. உங்களுக்காக வராது."

சுருக்கென்று தைத்தது. எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். "இந்த வருஷம் ஒண்ணுகூட உட்காரலைன்னா நானே பெட்டியக் கட்டிக்கிட்டு வரேன், போதுமா?" என்று சொல்லிவிட்டேன். அவளும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். ஜூன் முதல் ஞாயிறு படகோடு வருவதாகச் சொல்லிவிட்டாள்.

வாத்துகள் வந்தன. கரையோரம் மிதந்தபடி, ஊர்வம்பு கேட்கிறவர்கள் மாதிரி 'ஊ... ஊ...' என்றன. பாசியை உலர்த்தி வீடு வீடாகப் பரப்பினேன். என் தலை தெரிந்தாலே அத்தனையும் தண்ணீருக்குத் திரும்பின. தினமும் இதே கூத்து. தாங்கமுடியாமல் ஒருநாள் அவற்றைத் திட்டியும்விட்டேன்.

பக்கத்துத் தீவு ஐவின்ட் டீசல் கொண்டுவந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"யோவ், இந்த மஞ்சக் கோட்டப் பாத்தா எனக்கே ஓடணும்போல இருக்கு."

"மக வாங்கிக் குடுத்ததுய்யா."

"அது வாத்துக்குத் தெரியுமா? ஆஸ்னே எதப் போட்டுக்கிட்டு வருவா, யோசிச்சுப் பாரு."

வாத்து பார்க்கிறவர்கள் வருடா வருடம் ஒரே உடுப்பில் போகவேண்டும். எங்கள் பக்கம் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்குத்தான் புத்தி அங்கே போகவில்லை.

கதவுக்குப் பின்னால் அவளுடைய பழுப்புக் கோட்டு தொங்கியது. அவள் போனதிலிருந்து நான் அதைத் தொடவில்லை. மாட்டிக்கொண்டேன், பொத்தான் எட்டவில்லை. அவளுடைய நீலத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டேன். அவளைப்போலவே மெதுவாக நடந்தேன். அவள் வாத்துகளிடம் ஓயாமல் பேசுவாள். என்ன பேசினாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என்னைத்தான் குறை சொல்லியிருப்பாள். அதனால் நானும், "கிழவன் இன்னிக்கும் காபியப் பொங்க விட்டுட்டான்" என்று தணிந்த குரலில் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

சில நாள் கழித்து ஒரு பெட்டை ஏறி வந்தது. எங்கள் ஜன்னலுக்குக் கீழே இருந்த வாத்து வீட்டில் நுழைந்தது. உட்கார்ந்தேவிட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஞாயிறு அன்று ரக்னில் வந்தாள். இங்கே வளர்ந்தவள், பாறைக்கு அப்பாலேயே எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் படகில் எழுந்து நின்றாள். சத்தம் வரவில்லை, ஆனால் உதடு 'அம்மா' என்றது. பிறகுதான் முகத்தை அடையாளம் கண்டாள்.

நான் ஜன்னலடியைக் கையால் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. வாத்து அடைகாக்கும்போது அன்னியர் கால் மண்ணில் படக்கூடாது, குரல் உயரக்கூடாது. பெற்ற மகளாக இருந்தாலும் வாத்துக்கு அவள் அன்னிய ஆள்தான். 'வா கண்ணு, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ' என்று கூப்பிட வாயெடுத்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படகைத் திருப்பினாள்.

ஜெயித்தது நான்தான். படகு மறைகிறவரை நின்றேன். அப்புறம் ஜன்னலடியில் போய்க் குந்தினேன்.

"நம்ம பொண்ணு வந்திருந்தா," என்றேன் ஆஸ்னேயின் குரலில். "உள்ள கூப்பிட முடியல."

வாத்து அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.