நீலாம்பாளுக்குப் பொருந்தாத மூன்று ஆங்கில வினைகள்

1
இந்தக் கதை என் ஆசையில் பிறக்கவில்லை. மயிலாடுதுறையில் டுடோரியல் நடத்தும் பக்கீர் முகம்மதுவின் தொல்லையில் பிறந்தது. "சார், கிவ் அப்புக்கும் கிவ் இன்னுக்கும் என்ன வித்தியாசம்னு பசங்க உசுரை வாங்குறாங்க. ஒரு கதையா எழுதிக் குடுங்களேன்" என்றார். அதற்கென்ன, எழுதினால் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன்.

2
கிவ் அப் என்றால் முயற்சியை நாமாகக் கைவிடுவது. கிவ் இன் என்றால் எதிராளியின் நெருக்குதலுக்குப் பணிந்துபோவது. [கிவ் அவே: இருப்பதைத் தூக்கிக் கொடுத்துவிடுவது. இதையும் சேர்த்தால் பக்கீர் பாய்க்கு மனசு குளிர்ந்துவிடும்.]

ஆக, சொன்னபடி மசிகிற ஓர் ஆள் வேண்டும். ஆண்டு 1971. குடவாசல் பக்கத்துக் குத்தகைக்காரி நீலாம்பாள். 'காவிரித்தாயின் மடியில் பொன்னாய் விளைந்த—' சே! அடித்துவிட்டேன். குறுவை நெல் முற்றிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் சர்க்கார் பதிவில் குத்தகைக்காரியாக இவள் பெயர் ஏறிவிட்டால் கிளப்ப முடியாதே என்று மிராசுதாருக்குப் பயம். "நிலத்தை விட்டுட்டேன்" என்று அவள் ஊரார் முன்னால் சொல்லும்வரை அறுப்புக்கு யாரும் இறங்கக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டார்.

3
மிராசுதாரின் காரியக்காரர் இராஜாங்கம் வரப்பில் நிற்கிறார்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன் நீலாம்பா. நாளைக்கே ஆள் எறக்குறேன். வெளஞ்சதை நீயே எடுத்துக்க."

இங்கே அவள் தலையாட்டினால் கிவ் இன். பாடம் முடிந்தது, நான் டீ குடிக்கப் போகலாம்.

"அப்புறம் அடுத்த போகம் தாளடிக்கு நான் யாரு வயல்ல போயி நிக்கிறது? அதையும் நீங்களே சொல்லிடுங்க" என்கிறாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. சரி, கிவ் அப் ஆக்கிவிடலாம்: 'நீலாம்பாள் பெருமூச்சுவிட்டு வீட்டைப் பார்த்து—' போக மாட்டேன் என்கிறாள். கிவ் அவே? வீட்டில் குருணைகூட இல்லை, எதைக் கொடுப்பாள்!

(அடிக்குறிப்பு: என் பாத்திரங்கள் என் பேச்சைக் கேட்பது அபூர்வம். இவளோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.)

4
ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வருகிறது. முடிவு அ: நெல் முளைத்து நாசமாகிறது. முடிவு ஆ: தாசில்தார் ஜீப்பில் வந்து அவள் பெயரைப் பதிந்து— 1971இல் அத்தனை சீக்கிரமாகவா? சிரிக்காதீர்கள்.

முடிவு இ எழுதுவதற்குள் அவள் வயலில் இறங்கிவிட்டாள். தனியாக. மனசு பதறுகிறது எனக்கு. ஒருத்தி அறுத்துத் தீராது. கூட இறங்குகிறவருக்கு இனி இந்த ஊரில் எவரும் வேலை தரமாட்டார்கள். அறுத்த முதல் கைப்பிடியை வைத்துவிட்டு நிமிர்கிறாள்.

"வரப்புல நின்னு வேடிக்கை பாக்குறீங்களே, நெல்லு கொட்டுதுங்க. வாங்க!"

இராஜாங்கம் எப்போதோ போய்விட்டார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வரப்பில் நிற்பது நீங்கள்தான்.