மணல்தொட்டிக்குப் போகாத பிள்ளைகள்

ஒன்பதாவது நாளாக மணல்தொட்டியில் ஒரு பிள்ளைகூட இறங்கவில்லை. இவெத் காலையிலேயே வந்து பூனைப்பீயை அள்ளிப் போட்டு, மண்ணைக் கிளறி, தண்ணீர் தெளித்துப் பதமாக வைத்திருந்தாள். வீட்டிலிருந்து பழைய சல்லடை, நசுங்கிய கெட்டில், கேக் தட்டு எல்லாம் கொண்டுவந்து போட்டிருந்தாள். இருபத்தெட்டு பேரும் முற்றத்தின் இந்தப் பக்கத்திலேயே, காங்கிரீட் பதுங்கறையின் சுவரை உரசிக்கொண்டு நின்றார்கள்.

எல்லையோர ஊரான ஸ்தெரோத்தில், ராக்கெட் வருகிறதென்று ஒலிபெருக்கி ‘சிவப்பு நிறம்’ என்று சொன்னால் பதினைந்து நொடி. அதற்குள் உள்ளே போய்விட வேண்டும். போன மாதம் பின்தெருவில் ராக்கெட் விழுந்து, ஓட்டுச் சில்லுகள் இந்தப் பாலர் பள்ளி முற்றம் வரைக்கும் தெறித்தன. அதிலிருந்து இரண்டு பேர் படுக்கையை நனைக்கிறார்கள். ஒருவன் கழிப்பறைக் கதவைச் சாத்த விடுவதில்லை. ஐந்து வயது தெஹிலா மதியத் தூக்கத்தில்கூடக் காலணியைக் கழற்றுவதில்லை. மனநல மையத்திலிருந்து வாரம் இரண்டு தடவை வரும் ஆலோசகர் யிஃபாத், பதுங்கறையை விட்டுத் தள்ளிப் போகப் பிள்ளைகளுக்குப் பயமாகிவிட்டது, ஒரு நாளைக்கு ஓரடியாகப் பழக்க வேண்டும் என்றாள். பழக்குகிற வேலை ஆயாவான இவெத்தின் தலையில் விழுந்தது.

அவள் வேலைக்கு அஞ்சுகிறவள் இல்லை. ஊறுகாய்த் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் ஈரத்தரையில் நின்று வெள்ளரிக்காய் டப்பா அடுக்கியவள். முட்டி இரண்டும் அங்கேயே போய்விட்டன. இந்த வேலைக்கு வந்தபோது மருத்துவச் சீட்டில் முட்டியைப் பற்றி ஒரு வரிகூட வராமல் பார்த்துக்கொண்டாள். ஆசிரியை கலியாவுக்கு மட்டும் தெரியும்.

“சத்தம் கேட்டா உன் வாய்தான் முதல்ல உள்ள போகுது. நீ பொறுமையா பின்னாடி வர்ற,” என்பாள் கலியா.

“வாய் போனா போதும்டி. புள்ளைங்கள அதட்ட அதுதானே வேணும்.”

அன்று யிஃபாத் வகுப்பறைக்குப் பொம்மைகளைக் கொண்டுவந்தாள். ஒரு அட்டைப்பெட்டிதான் பதுங்கறை. தெஹிலா பொம்மைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பெட்டியை மூடினாள். ஒன்று மட்டும் வெளியே குப்புறக் கிடந்தது.

“இது யாரு?” யிஃபாத் கேட்டாள்.

“இவெத்.”

இவெத் சிரித்துவிட்டாள். “அடிக் கழுதை! உனக்கு எத்தன நாள் மூக்கு தொடச்சிருப்பேன்? என்னை வெளியிலயே விட்டுட்டியா?”

தெஹிலா சிரிக்கவில்லை. “நாங்க மணலுக்குப் போனா நீயும் பின்னாடியே வருவ. அங்கேர்ந்து நீ ஓடி வந்தா இருபத்தி மூணு. இங்கேர்ந்து பதினொண்ணு. நான் எண்ணினேன்.”

“அதனால?”

“அதனால யாரும் அங்க போகக் கூடாதுன்னு பேசி வச்சோம். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னும்தான். சொன்னா நீ அழுவ.”

யிஃபாத்தின் பேனா நின்றுவிட்டது. கலியா வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். ஆலையில் எந்திரம் திடீரென்று நிற்கும்போது காதுக்குள் ஒரு வெறுமை இரையுமே, அது இவெத்துக்கு இப்போது கேட்டது. ஒன்பது நாளாகக் கெஞ்சியும் கொஞ்சியும் கூப்பிட்டிருக்கிறாள். வா செல்லம், ஓரடிதான் என்று. அந்த முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதைப் பயம் என்று எண்ணியிருந்தாள். பயம்தான். அவளுக்கான பயம். பல்கூட விழாத பிள்ளைகள் கூடிப் பேசி, ஊஞ்சலையும் மணலையும் விட்டுக்கொடுத்து, ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளையைக் காவல் காத்திருக்கிறார்கள்.

இவெத் எழுந்து விறுவிறுவென்று வெளியே போனாள்.

“எல்லாரும் பதுங்கறைக்குள்ள போங்க. இது நெசமில்ல, விளையாட்டு. சத்தமா எண்ணுங்க. இவெத் பதினஞ்சுக்குள்ள வர்றாளா இல்லையா பாருங்க.”

“வேணாம் இவெத், விழுந்து தொலைப்ப,” என்றாள் கலியா.

இவெத் மணல்தொட்டியில் இறங்கி நின்று பாவாடையைத் தூக்கிச் செருகினாள். பதுங்கறைக்குள்ளிருந்து பிள்ளைகள் ‘ஒன்று’ என்று கத்தினார்கள். ஓடினாள். நாலில் தொட்டியின் விளிம்பைத் தாண்டினாள். எட்டில் சறுக்குமரம். இன்னும் பாதித் தூரம் கிடந்தது. ஒன்பதில் வலது முட்டி மடங்கிக்கொண்டது. ஊஞ்சல் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து, காலை இழுத்தபடி நடந்தாள். பன்னிரண்டில் குரல்கள் கலைந்தன. பதுங்கறை வாசலிலிருந்து தெஹிலா வெளியே பாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொன்று. பிறகு மொத்தப் பேரும்.

“உள்ள போங்க! சனியன்களா, உள்ள போங்க!” தொண்டை கிழியக் கத்தினாள்.

யாரும் கேட்கவில்லை. பாவாடையை, விரல்களை, கிடைத்ததைப் பிடித்து இழுத்தார்கள். தெஹிலா அவள் முதுகில் தலையை முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டே, பல்லைக் கடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். “பதினேழு... பதினெட்டு...” எதிரே பதுங்கறை திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.