அமிழாத தகடுகள்

ஸுலைஹா உரப்பையைத் தலைகீழாகப் பிடித்து உதறியதும் கறுப்புத் தகடுகள் எல்லாம் களப்புத் தண்ணீரில் விழுந்தன. விழுந்தவை மிதந்தன. ஒன்றுகூட அமிழவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கரையில் அப்படியே நின்றாள்.

பள்ளிவாசல்துறையில் அன்று காலையிலிருந்தே வீடு வீடாக ஆமியின் சோதனை நடந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்து அதிக நாளாகவில்லை. யாரோ செய்த பாவத்துக்கு ஊர் முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தேங்காய் உரிக்கிற அலவாங்கை ஒளிப்பதா, வெளியில் வைப்பதா என்றுகூட ஆட்கள் தடுமாறினார்கள். மதரஸாப் பிள்ளைகளின் கிதாபுகளை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பிறகு அதுவே சந்தேகமாகிவிடும் என்று திரும்பவும் எடுத்து வைத்தார்கள். பயம் வந்தால் மனிதனுக்குப் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

தகடுகள் அவளுடைய மகள் றிஸ்மினா செய்தவை. கண்டியில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள். பல்கலைக்கழகத்தைத் திடீரென்று மூடியபோது, இரண்டு வருட உழைப்பைப் பூட்டிய அறையில் விட்டுவர மனமில்லாமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சிரட்டைக் கரியை மாவாக அரைத்து, இறப்பர் பாலில் கலந்து, நுரைக்க வைத்து, அவித்து எடுத்த தகடுகள். நுண்ணலை வந்து பட்டால் திரும்பிப் போகாது, தகடு குடித்துவிடும். ஆஸ்பத்திரியில் பக்கம் பக்கமாக இருக்கிற கருவிகள் ஒன்றையொன்று குழப்பாமல் நடுவில் வைக்கலாம். அலையைக் குடிக்கிற பொருட்கள் ஏற்கனவே உண்டு, ஆனால் பாரம். அவளுடைய மல்லுக்கட்டல் எல்லாம் அந்தப் பாரத்தோடுதான். கடைசி வார்ப்பைத் தண்ணீர் வாளியில் போட்டு, அது மிதந்தபோது ஆய்வுகூடத்தில் தனியாக நின்று சிரித்தாள்.

வினையை இழுத்து வந்தவர் வாப்பா நெய்னார். போன பெருநாள் லீவில் மகள் சொன்னதில் அவருக்கு விளங்கியது 'ரேடார்' என்ற ஒரே ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடையில், "என்ட மகள் செய்ற சாமான போட்டுல ஒட்டினா நேவிட ரேடாருக்கே போட் தெரியாது" என்று பீற்றிவிட்டார். கடையே சிரித்தது. அன்றைக்கு யார் யார் சிரித்தார்கள் என்று இப்போது ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் வாய் திறந்தால் போதும், பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தொண்ணூறில் புலிகள் விரட்ட, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர் அவர். போ என்றால் போக வேண்டும், ஏன் என்று கேட்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

"கிடங்கு வெட்டிப் புதைப்பமா?" என்று கேட்டார்.

"புது மண் தெரியும் வாப்பா."

"எரிச்சா?"

"கரும்புகை வரும். வாப்பா, நானே போய்ச் சொல்றன். படிப்புச் சாமான்தானே. எங்கட கெம்பஸ் சேருக்குக் கோல் எடுத்தா அவர் விளங்கப்படுத்துவார்."

"அவர் விளங்கப்படுத்துற வரைக்கும் உன்ன எங்க வெச்சிரிப்பாங்க?"

அந்த நேரத்தில் ஒழுங்கைக்குள் ட்ரக் திரும்புகிற சத்தம் கேட்டது. உம்மா ஸுலைஹா யாரையும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் களப்புக்கு ஓடினாள். தூக்கும்போது பாரமே இல்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

நெய்னார் உடுத்த சாரத்தோடு தண்ணீரில் இறங்கினார். இரண்டு கையாலும் தகடுகளை அமத்தினார். கையை எடுத்ததும் எழும்பின. நெஞ்சுக்கடியில் அணைத்து அமத்தினார். கக்கத்துக்குள்ளால் வழுக்கிக்கொண்டு மேலே வந்தன. "யா அல்லாஹ், அமிழன்" என்று தகட்டிடமே கெஞ்சினார்.

வேலியோரமாக ஓர் இளம் ஆமிக்காரன் வந்து நின்றான். "ஒய மொனவத?" என்று கேட்டான். என்ன அது என்றுதான் கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

காலமெல்லாம் சிங்கள முதலாளிமாருக்கு மீன் விற்றவருக்கு இப்போது இரண்டு மூன்று சொல்தான் வாயில் வந்தது. "தெலே போயா, மாத்தயா" என்றார். வலை மிதப்பு.

அவன் குனிந்து கரையொதுங்கிய தகடு ஒன்றை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மேலே எறிந்து பிடித்தான். அவன் புருவம் உயர்ந்தது.

"கோ தெல?" வலை எங்கே?

றிஸ்மினா வேலியில் கிடந்த வலையை இழுத்து வந்து கரையில் போட்டாள். நெய்னார் ஒரு தகட்டை மடியில் வைத்து, வலையில் செருகியிருந்த ஊசியைக் குத்தப் பார்த்தார். ஊசி இரண்டு தரம் வழுக்கி மணலில் விழுந்தது.

"தாங்க வாப்பா" என்று அவள் வாங்கினாள்.

ஒரு கீறல் விழுந்தாலும் அளவு பிழைக்கும் என்று பஞ்சுக்குள் வைத்துப் பாதுகாத்த தகடு. அவள் நடுவில் குத்தினாள். இறப்பர் மணம் வந்தது. நூலைக் கோத்து வலையின் மேல்கயிற்றில் முடிந்தாள். அடுத்ததை எடுத்தாள். அழுதால் சந்தேகம் வரும் என்று அழாமலிருந்தாள்.

ஆமிக்காரன் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியில் உட்கார்ந்தான். துப்பாக்கியை முழங்காலில் வைத்துக்கொண்டு அவள் விரல்களையே பார்த்தான். கையிலிருந்த தகட்டை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை.

காற்று கரைப்பக்கம் திரும்பியிருந்தது. மிச்சத் தகடுகள் ஒவ்வொன்றாக அவளிடம் வந்துகொண்டிருந்தன.