அப்பய்யாவின் முழக்கோல்

மூங்கிலை அறுக்க அறுக்க நாகுவுக்கு ஆத்திரம்தான் வந்தது. சாகிற மனுசன் ஞாயிற்றுக்கிழமை தாண்டிச் செத்திருக்கக் கூடாதா? அன்றைக்கு விருதுநகரில் கடைசி ஆட்டம். அதிலும் தோற்றால் அருப்புக்கோட்டைக் கூடைப்பந்து டீமுக்கு அடுத்த வருஷம் இடமில்லை என்று மதுரைப் பந்தயக் கமிட்டி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. தறி ஓடாத காலத்தில் அந்த ஆட்டப் படிக்காசுதான் ஆறு வீடுகளில் உலை கொதிக்க வைத்தது. டீமை உண்டாக்கிய அண்ணன் அப்பய்யா உள்ளே விறைத்துக் கிடந்தார்.

பாடை கட்ட வந்த உக்கிரபாண்டி வாசலிலிருந்தே உடலை ஒரு பார்வை பார்த்தார். "நெட்ட ஆளு. அஞ்சு முழமாவது வேணும் செட்டியாரே. அளந்து வெட்டுங்க."

நாகு தறிக்கு மேலே செருகியிருந்த அண்ணனின் முழக்கோலை எடுத்தான். அஞ்சு தடவை வைத்து அளந்து, கோடு போட்டு அறுத்தான். மதினி சௌடம்மாள் கன்னடத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

அந்தக் கோலைக் கையில் எடுத்தால் நாகுவுக்கு எப்போதும் கொஞ்சம் பெருமையாக இருக்கும். நூலுக்குக் கட்டுப்பாடு வந்த வருஷம், கிடைத்த நூலில் புடவை நீளம் எட்டவில்லை. தெருவே கூடிப் பேசி, ஆளாளுக்குத் தங்கள் முழக்கோலில் இரண்டு விரல் சீவிவிட்டது. குறைந்த கோலில் அளந்தால் கணக்கு சரியாக வந்தது. காரியாபட்டிச் சந்தையில் கண்ணால் பார்த்து வாங்குகிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது? அப்பய்யா மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். "எங்க அய்யா கோலு. இதுல கத்தி படாது." தெரு முகத்தைச் சுளித்தது. வீட்டில் அரைவயிறுதான். ஆனால் நாகு தெருவில் நிமிர்ந்து நடந்தான்.

புடவை விற்க மதுரைக்குப் போன இடத்தில்தான் அப்பய்யா அந்த ஆட்டத்தைப் பார்த்தார். பைத்தியம் பிடித்தாற்போலத் திரும்பி வந்தார். கம்பம் பத்தடி உயரம் என்று கேட்டுக்கொண்டு வந்து, அதை முழக் கணக்காக்கி, இதே கோலால் அளந்து, நூல் பாவு விரிக்கும் தங்கள் தெருக் கடைசியில் நட்டார். கொல்லனிடம் சொல்லி வளையம் அடித்து மாட்டினார். சும்மா உட்கார்ந்திருந்த நெசவாளப் பையன்கள் அத்தனை பேரையும் இழுத்துவிட்டார். கமிட்டியின் காலைக் கையைப் பிடித்துப் புது டீமாகச் சேர்த்தும் விட்டார்.

தெருவில் போட்ட பந்தெல்லாம் வளையத்தில் விழுந்தது. வெளியூரில் ஒன்றும் விழவில்லை. திண்டுக்கல், காரைக்குடி, தூத்துக்குடி, போன ஊரிலெல்லாம் பந்து வளையத்துக்குக் கீழேயே இடித்துத் திரும்பியது. சனம் கைகொட்டிச் சிரித்தது. ஒரு நாள் நாகு பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான். "அண்ணே, வெளியூர்ல கம்பம் ஒசரமாத் தெரியுது."

"பத்தடின்னா எல்லா ஊர்லயும் பத்தடிதேன். கம்பத்தக் கொற சொல்லாத. ஒங் கையக் கொற சொல்லு."

அதன்பிறகு இருவருக்கும் பேச்சு அற்றுப்போனது. அப்பய்யா இருமலோடு படுத்தார். நேற்றுச் சாயங்காலம்தான் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. "அந்தக் கம்பத்தப் புடுங்குலே."

"புடுங்கி அடுப்புல வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு நாகு வெளியே போய்விட்டான். விடிந்தபோது அண்ணன் இல்லை. கடைசிப் பேச்சு அதுவாகவா இருக்க வேண்டும்?

டீம் பையன்களே பாடை தூக்க வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் லிங்கய்யா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஏலே, இதையாவது ஒழுங்காக் கொண்டுபோய்ச் சேருங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

தூக்கியதும் தடுமாறியது. பின்னால் நின்ற சென்னய்யாவின் மூஞ்சியில் பிணத்தின் கால் இடித்தது. தோள் கொடுக்க மூங்கிலில் இடமே இல்லை.

"எறக்குங்க, எறக்குங்க," என்று உக்கிரபாண்டி கத்தினார். "அஞ்சு முழம்னுதான சொன்னேன்? எங்க அந்தக் கோலு?"

நாகு கொடுத்தான். உக்கிரபாண்டி அதைத் தன் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்துப் பார்த்தார். கோல் நடுவிரலின் நுனிவரை எட்டவில்லை. திரும்ப வைத்துப் பார்த்தார். "என்ன இது..." என்று புருவத்தைச் சுருக்கினார்.

நாகு அப்போதுதான் தன் கட்டைவிரலைக் கவனித்தான். கரி ஒட்டியிருந்தது. கோலை வாங்கித் திருப்பினான். வருஷக்கணக்காகக் கைபட்டுக் கறுத்து மின்னும் கோலின் ஒரு முனையில் மட்டும் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்திருந்தது. வியர்வைக் கை பட்ட இடத்தில் வெள்ளை மரம் தெரிந்தது. அண்ணனும் இரண்டு விரல் சீவியிருந்தார்.

எந்தப் பட்டினி நாளில் சீவினாரோ! ஊருக்குத் தெரியாமல் சீவி, கரி பூசி, தறிக்கு மேலே செருகியிருக்கிறார். கம்பம் நடும்போது அது நினைவில்லாமல் போயிருக்கும். முழத்துக்கு இரண்டு விரலென்றால் முழுக் கம்பத்துக்கு ஒரு சாணுக்கு மேலேயே குறையும். படுத்துக் கிடந்து யோசித்ததில் அது பிடிபட்டிருக்கும். சொல்லத்தான் வாய் வரவில்லை. நாகுவுக்கு அண்ணனைத் தட்டி எழுப்பிச் சண்டை போட வேண்டும்போல் இருந்தது. ஊர் ஊராகப் போய்ச் சிரிப்புக்கு ஆளானோமே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

லிங்கய்யா எட்டிப் பார்த்தார். "என்னப்பா, கோலுல என்ன?"

சௌடம்மாளின் அழுகை நின்றுவிட்டது. அவள் கோலைப் பார்த்தாள். பிறகு நாகுவைப் பார்த்தாள்.

"கோலுல ஒண்ணுமில்ல," என்றான் நாகு. முனையை உள்ளங்கையில் மூடிக்கொண்டான். "நாந்தேன் எண்ணத் தப்பிட்டேன். நாலு முழத்துலயே வெட்டிப்புட்டேன்."

"அதான பாத்தேன். கூடையில போடவும் தெரியல, மூங்கில் வெட்டவும் தெரியல."

"ஆமா, தெரியல," என்றான் நாகு.

உக்கிரபாண்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டு மூங்கில் இரண்டை எடுத்து முனையில் வைத்துக் கட்டினார். பாடை எழும்பியது. கோலும் அண்ணனோடு போய் நெருப்பில் சேர்ந்தது.

குளித்து ஈர வேட்டியோடு திரும்பிய நாகு வீட்டு வாசலில் எரிந்த விளக்கைக் கும்பிட்டுவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெருக் கடைசிக்குப் போனான். சென்னய்யாவும் மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"ஏலே, இன்னைக்குப் போயி இது எதுக்குலே?"

"அண்ணன் சொன்னாக. கம்பத்தப் புடுங்கச் சொன்னாக."

மண் கரிசல். இறுகிப்போயிருந்தது. நாகு கடப்பாரையால் குத்தி இளக்கினான். ஆளுக்கு ஒரு கை கொடுத்துக் கம்பத்தைத் தூக்கிப் பிடிக்க, நாகு குழிக்குள் கல்லைப் போட்டான். தன் முழங்கையை வைத்துத் தரையிலிருந்து வளையம் வரை அளந்தான். எட்டாத உயரத்துக்குச் சென்னய்யாவின் தோளில் ஏறிக்கொண்டான். இன்னும் ஒரு கல்லைப் போட்டு, மண்ணைத் தள்ளி மிதித்தான்.

சென்னய்யா பந்தை எடுத்தான். எந்நேரமும் நிற்கிற இடத்தில் நின்று எந்நேரமும் எறிகிற மாதிரி எறிந்தான். பந்து வளையத்துக்குக் கீழே இடித்துத் திரும்பி உருண்டது. திண்டுக்கல்லில் உருண்ட மாதிரியே உருண்டது.

சென்னய்யா வாயைப் பிளந்து வளையத்தைப் பார்த்தான். மெல்லத் திரும்பி நாகுவைப் பார்த்தான். ஏதோ கேட்க வந்தான்.

நாகு கட்டைவிரலை ஈர வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"இன்னொருக்கா போடுலே," என்றான்.